புழுதியும் வேகமும்

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் உயிர் தாங்கலாம். மூச்சின்றிச் சில நிமிடங்கள் தாங்குவதும் அரிது. உயிர்களுக்குரிய இவ்விதி மனிதன் ஆக்கிய யந்திரங்களுக்கும் ஓரளவு பொருந்தும். மோட்டார் வண்டியின் எஞ்சின் பெற்றோலை உண்டு இயங்குகின்றது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது உட்கொள்ளும் பொருள்களுள் மிகப் பெரும்பகுதி காற்றேயாகும். ஒரு பங்கு நிறையுள்ள பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு நிறையுள்ள காற்று வேண்டும். கனவளவிற் கூறுமிடத்து, ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்றுத் தேவைப்படுகின்றது. ஆகவே எஞ்சினுக்கு மிகுந்த வலிமையைத் தர விரும்புவோர் முதலில் அதற்கு மிகுந்த காற்றைத் தர முற்பட்டதில் வியப்பில்லை.

ஆயின் காற்று தனியே வருவதில்லை. புழுதியையும் உடன் கொண்டு வருகின்றது. புழுதியில் உள்ள படிகக்கல் துகள்கள் எஞ்சின் உருளைகள் ஆக்கப்பட்ட வார்ப்பிரும்பிலும் கடினமானவை. இத்துகள்கள் உருளையினுட் புகுந்து, அங்குள்ள எண்ணெயோடு கலந்தால், உலோகத்தைத் தேய்ப்பதற்குத் தொழிற்சாலைகளிற் பயன்படும் அரைபசை போன்றதொரு பசை உண்டாகின்றது. பிஸ்டன் எனப்படும் முசலம் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை மேலும் கீழும் ஓடும்போது, அப்பசை உருளையின் சுவரையும் முசல வளையங்களையும் இடையறாது தேய்க்கின்றது. கண்ணுக்குப் புலப்படும் பருமணலைவிட, ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்களவேயான நுண்துகள்களே பெருந்தீங்கு செய்வன. ஏனெனில் எண்ணெய்ப் படலத்தின் இடுக்கினுள் நுழையத்தக்கவை அவையே.

இவ்விரு தேவைகளுக்கும் நடுவே நிற்பது காற்று வடிகட்டி. துகளைத் தடுக்கும் எப்பொருளும் காற்றையும் ஓரளவு தடுக்கவே செய்யும். காற்றைத் தாராளமாக விடுமாறு துளைகளைப் பெரிதாக்கினால் துகளும் புகும். தடையின்மையையும் காவலையும் ஒருங்கே பெறுவது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை தேடிய முயற்சியே காற்று வடிகட்டியின் வரலாறாகும். விரைவுக் காருக்குப் புதிய வடிகட்டியொன்றை வாங்கிப் பூட்டும் இக்கால இளைஞனும், தான் அறிந்தோ அறியாமலோ, ஒரு நூற்றாண்டுப் பழமை வாய்ந்த அவ்வினாவையே மீண்டும் எழுப்புகின்றான்.

ஜேர்மனியில் 1886ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்ற காலத்தில் இவ்வினா பெரிதாக எழவில்லை. அக்கால வண்டிகள் மெல்ல ஓடின; அடிக்கடி பழுதுபட்டன; பழுதுக்குரிய பல காரணங்களுள் புழுதியும் ஒன்றாய் மறைந்து கிடந்தது. அதனை முதலில் வெளிப்படுத்தியது நகரத்து வீதியன்று, உழவனின் வயலாகும். உழவு யந்திரம் தானே கிளப்பும் புழுதி மேகத்தினுள் நாள் முழுவதும் நின்று, முழு வலிமையோடு பாடுபட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதிகளில் புத்தம்புதிய உழவு யந்திரங்கள் மிகக் குறுகிய காலத்தில் தேய்ந்து வலிமையிழந்தன.

1915ஆம் ஆண்டில் பிராங்க் டொனால்ட்சன் என்பவர் மினசோற்றா மாநிலத்து உழவு யந்திர நிறுவனமொன்றின் விற்பனையாளராகப் பணிபுரிந்தார். யூற்றா மாநிலத்தில் வாடிக்கையாளர் ஒருவரின் யந்திரம் திரும்பத் திரும்பப் பழுதுபட, அதன் காரணத்தை ஆராயச் சென்ற அவர், குற்றவாளி புழுதியே என்று கண்டு, எளியதொரு காற்று வடிகட்டியைச் செய்து பூட்டினார். யந்திரம் நன்றாக ஓடியது. ஆனால் இதனால் அவர் பெற்ற பரிசு வேலை நீக்கமே என்று பின்னர் அவர் பெயரால் எழுந்த நிறுவனத்தின் வரலாறு கூறுகின்றது. தம் யந்திரத்துக்கு இன்னொரு கருவியின் துணை வேண்டுமென்பது, அதிற் குறையுண்டு என்று ஒப்புக்கொள்வதாகும் என முதலாளிமார் கருதினர் போலும். டொனால்ட்சன் தாமே அதே ஆண்டில் வடிகட்டித் தொழிலைத் தொடங்கினார். தொழிற்சாலை தராத ஒன்றை வெளியார் ஒருவர் செய்து பூட்டுவது என்ற வழக்கம் வடிகட்டியின் வரலாற்றில் முதற் பக்கத்திலேயே காணப்படுவது குறிப்பிடத்தக்கது.

1920களின் தொடக்கத்தில் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் விவசாயப் பண்ணையில் ஹொவ்மன் என்ற பொறியியல் ஆய்வாளர் உழவு யந்திரங்களின் காற்று வடிகட்டிகளைச் சோதித்து ஆராய்ந்தார். விற்பவரின் சொல்லை நம்பாது, அளந்து பார்த்தே ஒரு வடிகட்டியை மதிப்பிட வேண்டும் என்ற நெறி இத்தகைய ஆய்வுகளால் வேரூன்றியது.

அக்காலத்திற் பெருவழக்குப் பெற்றது எண்ணெய்த் தொட்டி வடிகட்டியாகும். அதன் செயல் எளியது. அறிவு நுட்பம் வாய்ந்தது. உள்ளே வரும் காற்று கீழ்நோக்கிச் சென்று, எண்ணெய்ப் பரப்பின் அருகில் சட்டெனத் திரும்பி மேலேறுகின்றது. இலேசான காற்று எளிதில் திரும்பிவிடும். கனமான புழுதித் துகள் தன் வேகத்தால் நேரே சென்று எண்ணெயில் வீழ்ந்து அமிழும். எஞ்சியவை எண்ணெய் தோய்ந்த கம்பி வலையில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயை மாற்றி, தொட்டியைக் கழுவிவிட்டால் மீண்டும் பயன்படுத்தலாம். உழவு யந்திரங்களிலும் வொக்ஸ்வாகன் போன்ற கார்களிலும் இவ்வகை வடிகட்டி பல்லாண்டு பணி செய்தது.

அதே கலிபோர்ணியாவில் வேறொரு கூட்டத்தார் இதற்கு நேர்மாறான பாதையிற் சென்றனர். மியூறொக் போன்ற வற்றிய ஏரிகளின் சமதளத்தில் இளைஞர்கள் பழைய போட் கார்களைத் திருத்தி ஓட்டப் பந்தயம் நடத்தினர். இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்துவதற்கென 1937இல் தென் கலிபோர்ணியாவில் ஒரு சங்கமும் அமைந்தது. வேகமே அவர்களுடைய குறிக்கோள். ஆதலின் காற்றின் வழியில் நிற்கும் வடிகட்டியைக் கழற்றி எறிவது வழக்கமாயிற்று. பந்தயக் காரின் எஞ்சின் சில மைல் தூரமே முழு வலிமையோடு ஓட வேண்டும். பின்னர் அதனைப் பிரித்துத் தேய்ந்த உறுப்புகளை மாற்றிக் கொள்ளலாம். அத்தகைய எஞ்சினுக்கு அது பொருந்தும். ஆனால் பந்தய வெளியிற் கற்ற வழக்கம் நாடோறும் வீதியில் ஓடும் வண்டிகளுக்கும் பரவியபோது, அங்கே கிடைத்த சிறு வலிமைக்கு ஈடாக எஞ்சினின் ஆயுளே கொடுக்கப்பட்டது.

இவ்விரு பாதைகளும் ஒன்றோடொன்று மோதி, மனித உயிர்களே பணயமாக வைக்கப்பட்ட இடம் வட ஆபிரிக்கப் பாலைவனம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942 மார்ச் 7ஆம் திகதி, ஈகிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 15 ஸ்பிற்பயர் விமானங்கள் முற்றுகைக்குள்ளான மால்டாத் தீவைச் சென்றடைந்தன. அவ்வாண்டின் நடுப்பகுதியில் எகிப்தியப் பாலைவனத்திலும் ஸ்பிற்பயர்கள் போரில் இறங்கின. அக்காலத்தின் மிகச் சிறந்த விரைவு யந்திரங்களுள் ஒன்று ஸ்பிற்பயர். அதன் மேர்லின் எஞ்சின் பன்னிரண்டு உருளைகளும் 27 லீற்றர் கொள்ளளவும் உடையது. அது பாலைவன விமானத் தளங்களில் ஓடி எழும்போது மணலை அள்ளி உட்கொள்ளும். வடிகட்டியில்லாத எஞ்சின் அங்கே நெடுநாள் நிலைக்காது.

இதற்காக வோக்ஸ் என்ற ஆங்கில நிறுவனம் செய்த பெரியதொரு வடிகட்டி விமானத்தின் மூக்கின்கீழ்ப் பூட்டப்பட்டது. அது தாடை வீங்கியது போன்ற தோற்றத்தைத் தந்தது. மணலை அது தடுத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் காற்றின் உள்வரவுக்குத் தடையாகவும், பறக்கும் விமானத்துக்குச் சுமையாகவும் அமைந்து, வேகத்தையும் மேலேறும் ஆற்றலையும் குறைத்தது. எதிரே வந்த ஜேர்மானிய மெசர்ஸ்மிற் விமானங்களோ வேகத்திற் சிறந்தவை. வான்போரில் மணிக்குச் சில மைல் வேகக் குறைவு என்பது தப்பிப் பிழைப்பதற்கும் வீழ்வதற்கும் இடையேயுள்ள தூரமாகும். வடிகட்டியை நீக்கினால் எஞ்சின் சாகும். வைத்துக்கொண்டால் விமானி சாகக்கூடும். இந்த இக்கட்டே அன்று பாலைவனப் படையணிகள் எதிர்நோக்கியது.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் போர்க்களத்துக்கு அண்மையிலே பணிபுரிந்த தொழில் வினைஞர்கள். அலெக்சாந்திரியாவுக்கு அருகிலுள்ள அபூக்கிர் என்னும் ஊர், 1798ஆம் ஆண்டில் நெல்சனின் கடற்படை பிரெஞ்சுக் கப்பல்களை வென்ற குடாவின் கரையில் அமைந்தது. அங்கே பிரித்தானிய விமானப்படையின் 103ஆம் பராமரிப்புப் பிரிவு இயங்கியது. அப்பிரிவினர் சிறியதும் ஒடுங்கியதுமான ஒரு வடிகட்டியைத் தாமே அமைத்து, வோக்ஸ் வடிகட்டிக்குப் பதிலாகப் பூட்டினர். விமானத்தின் மூக்கோடு இயைந்து அமைந்த அது, இழந்த வேகத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. அபூக்கிர் வடிகட்டி என்றே அது விமான வரலாற்றிற் பெயர் பெற்றது.

எதிரணியினரும் இதே வினாவுக்கு வேறு வகையில் விடை கண்டிருந்தனர். பாலைவனத்துக்கான மெசர்ஸ்மிற் விமானத்தின் வடிகட்டியின் முன்புறத்தில் சிப்பியின் இரு ஓடுகள் போலத் திறந்து மூடும் கதவுகள் இருந்தன. பின்னர் வந்த ஸ்பிற்பயர் வகைகளிலும் வடிகட்டி எஞ்சின் மூடியினுள்ளேயே அடக்கப்பட்டு, விமானியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு நெம்பும் வைக்கப்பட்டது. தரையில் ஓடும்போதும், மேலெழும்போதும், இறங்கும்போதும், புழுதி நிறைந்த வெளியிற் பறக்கும்போதும் காற்று வடிகட்டி வழியாகச் செல்லும். தூய வானை அடைந்தபின் நெம்பை மாற்றினால் காற்று நேரே எஞ்சினுட் பாயும். வடிகட்டியின் நீண்ட வரலாற்றிற் கிடைத்த மிக நேர்மையான விடை இதுவே எனலாம். புழுதி உள்ள இடத்திற் காவல், புழுதியற்ற இடத்தில் வேகம் என்பதே அதன் பொருள்.

யுத்தம் முடிந்தபின் கார்களில் மடிப்புக் காகித வடிகட்டி பரவத் தொடங்கியது. 1950களில் வழக்கிற்கு வந்த இது, எண்ணெய்த் தொட்டியை மெல்ல மெல்ல இடம்பெயர்த்தது. காகிதத்தை விசிறி போல மடித்து வைப்பதால் சிறு பெட்டியினுள் பெரும் பரப்பு அடங்குகின்றது. பரப்புப் பெருகுவதால் காற்றுக்குத் தடை குறைகின்றது. இதில் விந்தையான ஓர் இயல்பும் உண்டு. புத்தம்புதிய காகித வடிகட்டியைவிட, சிறிது புழுதி படிந்த வடிகட்டி நுண்துகளைச் சிறப்பாகத் தடுக்கும். படிந்த புழுதியே இன்னொரு வடிகட்டியாகி, பின்னர் வரும் புழுதியை மறிக்கின்றது. அளவு மீறிப் படியும்போதுதான் தடை மிகுகின்றது.

இதற்கிடையில், கார்களின் வேகத்தைக் கூட்டும் உறுப்புகளைச் செய்வோர் அமெரிக்காவிற் பெருகினர். 1963இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்தனர். 1967இல் மெக்சிக்கோவின் பாஹாத் தீபகற்பத்தில், தீயுவானாவிலிருந்து லா பாஸ் வரை நெடுந்தூரப் பாலைவன ஓட்டப் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. வென்றவர்கள் இலேசான மணல்வெளிக் கார் ஒன்றில் 27 மணித்தியாலத்துக்கும் சற்று மேலான நேரத்தில் அதனைக் கடந்தனர். வற்றிய ஏரியில் சில மைல் ஓடுவோர்க்கு வடிகட்டியைக் கழற்றுவது இயலும். ஒரு நாளுக்கு மேலாகப் புழுதியில் ஓடுவோர்க்கு அது இயலாது. வேகமும் வேண்டும், காவலும் வேண்டும் என்ற நிலை மீண்டும் எழுந்தது.

1969ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் றிவர்சைட் நகரில் கென் ஜோன்சன், நோம் மக்டொனால்ட் என்னும் இருவர் மோட்டார்ச் சைக்கிள் கடையொன்றிலிருந்து தொடங்கிய தொழிலே, அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளைத் தாங்கி, கே அண்ட் என் என உலகெங்கும் அறியப்பட்டது. பல அடுக்குப் பருத்தித் துணியைக் கம்பி வலைகளுக்கிடையே மடித்து, எண்ணெய் தோய்த்து ஆக்கப்பட்டது அவர்களது வடிகட்டி. துணியிலுள்ள இடைவெளிகள் பெரியவை. எனவே காற்று எளிதிற் செல்லும். இழைகளில் உள்ள எண்ணெய் துகளைப் பற்றிக்கொள்ளும். கழுவி, உலர்த்தி, மீண்டும் எண்ணெயிட்டுப் பயன்படுத்தலாம். பழைய எண்ணெய்த் தொட்டியின் தத்துவம் இங்கே புதிய உருவில் மீண்டும் வந்தது எனலாம்.

பின்னர் சட்டமும் இத்துறையினுள் நுழைந்தது. 1975ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றின்படி, வெளியாரின் உறுப்பொன்றைப் பூட்டினார் என்ற ஒரே காரணத்துக்காகக் காரின் உத்தரவாதத்தைத் தயாரிப்பாளர் மறுத்தல் ஆகாது. டொனால்ட்சனுக்கு 1915இல் கிட்டாத நீதி, அறுபது ஆண்டுகளின்பின் ஒருவாறு வாடிக்கையாளருக்குக் கிட்டியது. மறுபுறத்தில், புகைமாசைக் கூட்டும் மாற்றங்களைக் கலிபோர்ணியா தடைசெய்து, காற்று உள்வாயில் உறுப்புகளும் சோதிக்கப்பட்டு அனுமதி பெற வேண்டுமென விதித்தது. வடிகட்டிகளை ஒரே முறையில் அளப்பதற்கு ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேச நியமமும் வகுக்கப்பட்டது. காற்றுக்குள்ள தடை எவ்வளவு, தடுக்கப்படும் துகள் எவ்வளவு, நிரம்புமுன் தாங்கும் புழுதி எவ்வளவு என்ற மூன்றையும் அது அளக்கின்றது. ஒன்றை மட்டும் கூறி மற்றிரண்டைக் கூறாத விளம்பரம் பாதி உண்மையே.

1980களின்பின் கார்களில் மின்னியற் கட்டுப்பாடு பரவியதால் நிலைமை மேலும் மாறியது. காபரேற்றர் கொண்ட பழைய காரில் வடிகட்டி அடைபட்டால், எரிபொருட் கலவை கெட்டு வீண்செலவு ஏற்படும். புதிய காரிலோ உணரிகள் உள்வரும் காற்றை அளக்க, கணினி அதற்கேற்ற எரிபொருளையே விடுகின்றது. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் இதனைச் சோதித்து, புதிய வகைக் கார்களில் அடைபட்ட வடிகட்டியால் எரிபொருட் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை என்றும், விரைவாக வேகமெடுக்கும் ஆற்றலே குறைகின்றது என்றும் கண்டது. காரணம் தெளிவானது. சாதாரண ஓட்டத்தில் காற்றை மறிப்பது வடிகட்டியன்று. சாரதி பாதி மூடி வைத்திருக்கும் வால்வே அதனை மறிக்கின்றது. வால்வு முழுதும் திறக்கும் வேளையிலேதான் வடிகட்டியின் தடை உணரப்படும். ஆகவே வடிகட்டியை மாற்றினால் எரிபொருள் பெரிதும் மிச்சமாகும் என்ற நம்பிக்கை, காபரேற்றர்க் காலத்தோடு கழிந்துபோன ஒன்றாகும்.

இவ்வரலாற்றை அறிந்த ஒருவர், விரைவுக் காருக்கு வெளியாரின் வடிகட்டியைப் பூட்டும் வேளையில் சில உண்மைகளை மறவார். முதலாவது, வெப்பம். காரின் பெட்டியை நீக்கிவிட்டு, கூம்பு வடிவ வடிகட்டியை எஞ்சின் அருகில் திறந்தபடி வைத்தால் அது சூடான காற்றையே உறிஞ்சும். 30 பாகையிலிருந்து 60 பாகைக்குக் காற்றுச் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது வீதம் குறையும். தடை நீங்கியதால் வந்த ஆதாயம் வெப்பத்தால் வந்த நட்டத்தில் மறைந்துவிடும். பெட்டி நீங்கியதால் எழும் பேரொலி வலிமை கூடியது போன்ற மயக்கத்தைத் தரும். ஒலி வேறு, வலிமை வேறு.

இரண்டாவது, இணைப்பு. வடிகட்டி எத்துணைச் சிறந்ததாயினும், அதன் கழுத்துக்கும் குழாய்க்கும் இடையே நூலளவு இடைவெளி இருந்தாலும் அதன் வழியே வடிகட்டாத காற்று நேரே உட்புகும். மூன்றாவது, எண்ணெய். பருத்தி வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால் அது காற்றை அளக்கும் உணரியின் நுண்ணிய கம்பியிற் படிந்து அளவைத் தவறச் செய்யும். எண்ணெய் குறைந்தால் துகள் உட்செல்லும். நான்காவது, நீர். குளிர்ந்த காற்றை நாடி உள்வாயிலை மிகத் தாழ வைத்தால், வெள்ளம் நின்ற வீதியில் எஞ்சின் நீரை உறிஞ்சக்கூடும். காற்றைப் போல நீர் சுருங்காது. மேலேறும் முசலம் நீரைச் சந்தித்தால் அதனைத் தாங்கும் தண்டே வளையும்.

மின்சாரக் கார்கள் பெருகி வரும் இக்காலத்தில், மூச்சு விடும் எஞ்சினின் வரலாறு தன் இறுதி அதிகாரங்களை நோக்கிச் செல்கின்றது போலும். மின்மோட்டாருக்குக் காற்றும் வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம். ஆயினும் ஒரு நூற்றாண்டு அனுபவம் விட்டுச் சென்ற பாடம் அதனால் தேய்ந்துவிடாது. வற்றிய ஏரியில் ஓடிய இளைஞன் காவலைத் துறந்து வேகத்தைத் தேடினான். வோக்ஸ் வடிகட்டியைப் பூட்டியோர் வேகத்தைத் துறந்து காவலைத் தேடினர். யூற்றாவின் வயலில் டொனால்ட்சனும், அபூக்கிர்ப் பட்டறையில் பெயர் தெரியாத வினைஞர்களும் செய்தது வேறு. தம் யந்திரம் எந்த மண்ணில் ஓடுகின்றது, அந்த மண்ணின் காற்று எத்தகையது, அதிலிருந்து எதைப் பெற எதைக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் முதலில் ஆராய்ந்தனர். ஆராய்ந்தபின்னரே கருவியைக் கையிலெடுத்தனர். ஆற்றிற் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. எஞ்சினுட் செலுத்தும் காற்றுக்கும் அது பொருந்தும்.